எழுந்திருக்க ஒரு நாற்காலி

என் மனைவிக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் இருவரும் கிரிவலப் பாதையில் நடப்போம். பௌர்ணமிக் கூட்டத்தில் போகிற வழக்கமில்லை. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து ஜவ்வாது மலைக்குப் போய், ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமம் வரை நடந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதும் உண்டு. இத்தனை வருடமாகக் கிரிவல வழியிலுள்ள எட்டு லிங்கங்களையும் நடந்துகொண்டே கும்பிட்டு வந்தவள், போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு சன்னதிக்குள்ளும் போய் உட்கார ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம்.

"இன்னா வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. மனசுக்கு நல்லா இருக்குது."

நான் நம்பவில்லை. நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பத்திரத்தில் ஒன்று இருக்கும், தரையில் வேறொன்று இருக்கும் என்பதைத் தவிர அந்த வேலை எனக்கு வேறெதையும் கற்றுத் தரவில்லை. குடும்பத்தில் ஏதோ நடந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறாள் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாமல் சென்னையிலிருக்கும் மகளுக்கு போன் செய்தேன்.

"இங்க எல்லாம் நல்லாத்தான்பா இருக்குது. உங்களுக்குத்தான் எதை எடுத்தாலும் சந்தேகம்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஜவ்வாது மலையில் நடந்தபோது ஒரு பாறையில் உட்கார்ந்தவள், முட்டி கொஞ்சம் பிடிக்கிறது என்றாள். டாக்டரிடம் போனோம். தேய்மானம், நடையை நிறுத்த வேண்டாம், ஆனால் அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து போங்கள் என்றார். வலி எப்படி என்று அவர் கேட்டதற்கு, "கம்மிதான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் இருந்தாள். அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "மடக்கித் தூக்கிக்கினு போற மாதிரி சேர் ஒண்ணு வாங்கலாங்க. வெயிட்டு கம்மியா இருந்தா நானே தூக்கிப்பேன்" என்றாள்.

அப்படித்தான் அந்த வேட்டை தொடங்கியது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் மூன்று கால் ஸ்டூல் ஒன்று காட்டினார்கள். விரித்தால் முக்கோணமாகத் துணி இருக்கும், அதில் உட்கார வேண்டும்.

"நூத்தியிருவது கிலோ தாங்கும் சார்" என்றார் கடைக்காரர்.

"யார் உக்காந்து பார்த்தாங்க?"

"கம்பெனிக்காரன் போட்டிருக்கான் சார்."

"நீங்க ஒரு தடவை உக்காருங்க, பார்க்கலாம்."

அவர் சிரித்தார். உட்காரவில்லை. நான் வந்துவிட்டேன்.

ஆன்லைனில் பார்த்தேன். ஒரு நாற்காலிக்கு எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். படித்துக்கொண்டே போனால் ஐந்தாறு பேர் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு, தொள்ளாயிரம் கிராம் என்று போட்டிருந்த இன்னொன்றை வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்த கையோடு தெருமுனைக் காய்கறிக் கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தேன். ஒரு கிலோ இருநூற்று நாற்பது காட்டியது. தராசின் மேலும் முழு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி அதையும் வைத்துப் பார்த்தேன்.

"உங்களுக்கு சேர் மேல சந்தேகமா, என் தராசு மேல சந்தேகமா சார்?" என்று கேட்டார் கடைக்கார அம்மா.

உப்பு சரியாக ஒரு கிலோ இருந்தது. நாற்காலியைத் திருப்பி அனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் செங்கம் ரோட்டில் டீ குடிக்கப் போன கஃபேயின் சுவரில் கையால் எழுதிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. மலை ஏற எடை குறைந்த நாற்காலி, விற்பனைக்கு. தமிழிலும் எழுதியிருந்தது. கஃபேவுக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியுடையது என்றார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். பல வருடமாக இங்கேயே இருக்கிறவர். புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டது போல நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார்.

நாற்காலி ஒரு சின்னப் பைக்குள் இருந்தது. அலுமினியக் குழாய்களை உதறியதும் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. துணியை நாலு மூலையில் மாட்டினால் முடிந்தது. காய்கறிக் கடைச் சம்பவத்துக்குப் பிறகு நான் பையிலேயே வைத்திருந்த கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினேன். அவர் சொன்ன எடை அப்படியே இருந்தது. தையல் பிரியவில்லை, குழாய் வளையவில்லை, விலையும் கம்மி. எல்லாம் சரியாக இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஏன் விக்கறீங்க?" என்றேன்.

அவர், "யார் உட்காருவதற்கு?" என்று கேட்டார்.

"என் மனைவி. முட்டி வலி."

"அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிறகு பேசலாம்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். பணத்தை நீட்டுகிறவனிடம் பொருளைக் கொடுக்காமல் மனைவியைக் கூட்டிவா என்றால் என்ன அர்த்தம்? எண்ணெய் வைத்தியமோ யோகா வகுப்போ சொல்லித் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் மனைவியோடு போகும்போது, "எதுக்கும் சரின்னு சொல்லிடாத" என்று எச்சரித்தேன்.

அவள் உட்கார்ந்தாள். துணி அவளை உள்வாங்கிக்கொண்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சுகமா இருக்குதுங்க."

அந்தப் பெண்மணி இரண்டு நிமிடம் சும்மா இருந்தார். பிறகு, "இப்போது எழுந்திருங்கள்" என்றார்.

மனைவி முன்னால் சாய்ந்தாள். முடியவில்லை. மறுபடி சாய்ந்தாள். பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று அவளுடைய இரண்டு கைகளும் காற்றில் தேடின. மூன்றாவது முறை என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி எழுந்தாள். நின்ற பிறகும் என் கையை விடவில்லை. அவள் கண்ணில் நீர் நின்றது. அவ்வளவு வலி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"எனக்கும் இப்படித்தான்" என்றார் அந்தப் பெண்மணி. "மலைப்பக்கம் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. ஆடு மேய்க்கிற ஒருவர் வந்து தூக்கிவிட்டார். அதனால் விற்கிறேன். முட்டி நன்றாக இருக்கிறவர்களுக்கு நல்ல நாற்காலி. உங்களுக்குத் தர மாட்டேன்."

எங்களுக்கு லெமன் டீ போட்டுக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

திரும்பும்போது மனைவியிடம் கேட்டேன். "எவ்ளோ நாளா?"

"ஆறேழு மாசமா."

"லிங்கத்துல போய் உக்காந்தது?"

"அங்க தூணு இருக்குதுங்க. புடிச்சிக்கினு எழுந்துக்கலாம்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நடைய நிறுத்திடுவீங்க. எங்க வலிக்குது, எப்பலேர்ந்து வலிக்குதுன்னு நோண்டி நோண்டி கேப்பீங்க. அதுக்கு வலியே தேவல."



வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். குதிகாலிலிருந்து முட்டி வரை அவளுக்குப் பதினேழு அங்குலம். ஆன்லைன் நாற்காலிகளில் உட்காரும் உயரம் எங்கேயோ கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பத்து அங்குலம், பதினொன்று. எடையைக் குறைப்பதற்காகக் காலைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த நான், ஒரு மாதமாக எடையை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

கடைசியில் பதினேழு அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள நாலு கால் நாற்காலி ஒன்று கிடைத்தது. எடை இரண்டரை கிலோ. தோளில் மாட்டப் பட்டை உண்டு.

"வெயிட்டு ஜாஸ்தியா இருக்குதேங்க."

"நான் தூக்கறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு வாரம் தூக்குவீங்க. அப்புறம்?"

முதல் ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, மனைவி செங்கம் ரோட்டில் நின்று அந்தப் பெண்மணியையும் கூப்பிட்டாள். அவர் தயங்கினார், பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். உட்காருவதற்கு முன் நாற்காலியின் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவரும் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

அடி அண்ணாமலைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. போதும் என்று ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கினீங்க சார்? எங்கம்மாவுக்கு ஒண்ணு வாங்கணும்" என்றார்.

"உங்கம்மாவுக்குக் குதிகால்லேர்ந்து முட்டி வரைக்கும் எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன்.

வண்டியைக் கிளப்பியவர், ஊருக்குள் வரும்வரை கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.