தவணை முடிந்த கல்லறைகள்

நவம்பர் முதல் தேதி, ஜெர்மனியில் கல்லறைகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். மதியம் ஒரு மணி. ஆஹெனிலிருந்து தெற்கே ஐஃபெல் மலைப்பக்கம் போகும் பஸ். பக்கத்து இருக்கையில் கீழ்வீட்டு ரோசா அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். மடியில் சிவப்பு மெழுகுவர்த்திகள். அங்கே ஒரு கிராமத்தில் இருக்கும் கணவரின் கல்லறைக்குப் போகிறார். அகதிகளாக வந்தபோது அந்தக் கிராமத்து முகாமில்தான் இருவரையும் தங்கவைத்தார்களாம். நான் கிளம்பியது அந்த ஊர் மாதா கோயிலைப் பார்க்க. பழைய கல் என்றால் எனக்கு அப்படியொரு கிறுக்கு.

முக்கால் மணி நேரத்தில் இறங்கினோம். நாற்பது வீடு, பூட்டிய பேக்கரி, விடாத தூறல். கோபுரத்தின் அடிப்பாகம் எண்ணூறு வருடப் பழசு. மேலே போரில் இடிந்து திரும்பக் கட்டியது. இப்போது ஏழு ஊருக்கு ஒரே சாமியார். கோயில் அவ்வளவு பழசு, ஆனால் கல்லறைத் தோட்டத்தில் எல்லாமே புதுக் கல்.

"இந்த ஊர்ல முன்னாடி யாருமே சாகலையாக்கா?" வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"செத்தவைக்கும் இங்கை இருபது இருபத்தைஞ்சு வருஷத் தவணைதான் தம்பி. முடிஞ்சால் கல்லை எடுத்துப்போட்டு மண்ணை மட்டமாக்கிப்போடுவினம். இவருக்கு இந்த வருஷத்தோடை முடியுது."

"எக்ஸ்டெண்ட் பண்ண முடியாதா?"

"ஏலாது. குடும்பக் கல்லறைக்குத்தான் நீட்டலாமாம். இது வரிசைக் கல்லறை. அப்ப எனக்கு இவையின்ரை டொச் பாஷை ஒரு சொல்லும் விளங்காது. இதைக் காட்டிச்சினம், ஓம் எண்டிட்டன்."

மூலையில் ஒரே மாதிரிச் சிலுவைகள். போரில் செத்த சிப்பாய்கள். அவற்றுக்கு மட்டும் தவணை கிடையாது, என்றைக்கும் இருக்கும் என்றார் கோயில்பிள்ளை, மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரக் கிழவர்.

"சண்டைக்குப் பயந்து ஓடிவந்த மனிசனுக்கு இடமில்லை, என்ன?" என்றார் அக்கா. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்று மணிக்குச் சாமியார் வந்து, குடைக்குள்ளிருந்தே வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். கூட்டம் கலைந்தது. அக்கா மண்டியிட்டு, கல்லறைமேல் தான் நட்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

ஜனவரிவரை இருக்கட்டுமே என்றார் கோயில்பிள்ளை.

"மிஷின் வந்து கிண்டவேண்டாம். நானே எடுக்கிறன்," என்று அக்கா என்னிடம் தமிழில் சொன்னார். கிழவருக்குப் புரிந்திருக்க வேண்டும். போய் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஈர மண் வாடை. எங்கள் கும்பகோணத்தில் எரித்துச் சாம்பலைக் காவிரியில் விட்டுவிடுவோம். கல்லறைத் துக்கம் எனக்குப் பழக்கமில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அடுத்த வருஷம் வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஏத்திடலாம்க்கா," என்றேன்.

"அவர் முகாமிலையே கண்ணை மூடினவர், தம்பி. வீடு கிடைச்சதைக் காணேல்லை. இந்த நாட்டிலை அவருக்கெண்டு இருந்த இடம் அது ஒண்டுதான்."