அண்ணியின் வலது முட்டி

திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில் முதலாளியிலிருந்து பார்சல் எடுக்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். காரணம் அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கையான அவளுக்கு அதே கடையில் இஸ்திரி மேஜையில் வேலை. நாள் முழுக்க அவள் "அண்ணி, அண்ணி" என்பதைக் கேட்டுக் கேட்டு கடைக்கே அது பழகிப்போனது. முதலாளிக்கு அண்ணியைவிடப் பத்து வயது கூட. அவரும் "அண்ணி, அந்த நீலத் துணி முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்.

அண்ணிக்கு ஐம்பது நெருங்குகிறது. எடுத்த துணியை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். ஓரம் பாதியில் நின்றால் சாப்பாடு இறங்காது. அவள் வாழ்க்கையில் பாதியில் நிற்பது ஒன்றே ஒன்றுதான்: ஊருக்குப் பின்னால் தெரியும் மலைத்தொடர்.

அதில் ஐந்து உச்சிகள். ஒன்றுக்கும் பெயர் கிடையாது. போனில் வரைபடத்தைத் திறந்தால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கும் வளையக் கோடுகள்தான் இருக்கும். ஜனங்கள் போகிற பாதை கீழே கணவாயோடு போய்விடும். உச்சிகளுக்குப் பாதையும் இல்லை, பலகையும் இல்லை. போன வருடம் கட்டிங் மாஸ்டர், அவர் மனைவி, அண்ணி, நாத்தனார் என்று நான்கு பேர், ஒரே நாளில் ஐந்தையும் ஏறி இறங்குவதாகப் புறப்பட்டார்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஒடுங்கிய பாறை முதுகு. அங்கே நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியாது அண்ணி. நான் இங்கயே குடித்தனம் பண்ணிக்கறேன். நல்லது கெட்டதுன்னா வந்து சொல்லிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் கை பாறையை விடவில்லை. நான்கு பேரும் திரும்பி இறங்கினார்கள்.

இந்த வருடம் மாஸ்டர் மறுபடியும் பேச்சை எடுத்தார். நாத்தனாரைக் கூட்டிப் போனால் மறுபடியும் மூன்றோடு திரும்ப வேண்டியதுதான் என்பது அண்ணிக்குத் தெரியும். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவளோ, "இந்தத் தடவை கையை மட்டும் பிடிச்சுக்கோங்க, வந்துடறேன்" என்று புது ஷூ வேறு விசாரித்துவிட்டு வந்திருந்தாள். அதனால் அண்ணி சுலபமான வழியைப் பிடித்தாள். ஒரு நாள் மெஷினிலிருந்து எழும்போது வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "மலையெல்லாம் இனிமே நமக்குச் சரிப்படாது" என்றாள்.

நாத்தனார் அப்படியே நம்பினாள். அண்ணி இல்லாமல் அவள் போவதாக இல்லை. மலைப் பேச்சு இஸ்திரி மேஜையில் நின்றது. கட்டிங் மேஜையில் தொடர்ந்தது.

நாத்தனார் மத்தியானம் டீ வாங்கப் போகிற நேரம் பார்த்து, மாஸ்டர் வீணான லைனிங் துணியைக் கசக்கி ஐந்து குவியலாக மேஜை மேல் நிறுத்துவார். நடுவே சாக்பீஸால் கோடு இழுப்பார்.

"வெயில் ஏறறதுக்குள்ள முதல் ரெண்டையும் முடிச்சிடணும். மேல சொட்டுத் தண்ணி கிடையாது, எல்லாம் முதுகுலதான். ரெண்டு மணிக்கு நாலாவது மேல நிக்கலைன்னா அஞ்சாவதை மறந்துட்டு இந்தச் சரிவுல இறங்கிடணும்."

"அவ்வளவு தூரம் போயிட்டு மறக்கறதா?"

"இது துணி இல்ல அண்ணி. முடிச்சாத்தான் எழுந்திருப்பேன்னு மலை மேல அடம் பிடிக்க முடியாது."

பெயரில்லாத உச்சிகளுக்கு அடையாளம் வேண்டுமே என்று கடையில் புழங்கும் பெயர்களையே மாஸ்டர் வைத்தார்: கொக்கி, மடிப்பு, வளையம், குஞ்சம், கம்பி. ஒடுங்கிய பாறைக்கு "குடித்தனம்" என்று வைத்துவிட்டு அவரே சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மாஸ்டர் மலைகளை ஒரே கையால் வாரிக் குப்பைக் கூடையில் போட்டார். அண்ணி மேஜையில் சாய்ந்து கோட்டை மறைத்தாள்.

"எங்க போய்ச் சாஞ்சீங்க? முதுகெல்லாம் சாக்பீஸ்" என்று நாத்தனார் டீயை வைத்துவிட்டு அவள் முதுகைத் தட்டிவிட்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாத்தனார் முதலாளியிடம் போய்ப் பேசி, தானே அண்ணியின் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த மெஷினுக்கு அடியில், வலது முட்டிக்கு நேராக ஒரு இரும்புத் தகடு தொங்கும். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது முட்டியால் அதை இடித்தால்தான் ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்தும் பாதம் மேலே எழும்பும். முட்டி வலிக்காரிக்கு அந்த வேலை ஆகாது என்பது நாத்தனாரின் கணக்கு. அண்ணி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து திரைச்சீலைக்குக் கொக்கி மாட்டினாள்.

வீட்டிலும் அப்படித்தான். அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிற நாத்தனார், அண்ணி இருக்கும் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தாள். மாலையில் எண்ணெயைச் சுடவைத்து அண்ணியின் முட்டியில் தேய்த்தாள். அவள் இறங்கிப் போனதும் அண்ணியின் கணவர் பேப்பரை மடக்கிக்கொண்டு, "இன்னிக்கு எந்தப் பக்கம் வலி? காலையில இடது காலைத் தாங்கின மாதிரி இருந்துச்சு" என்பார்.

"சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். என் தங்கச்சிதான் தேய்ச்சுக்கிட்டு இருக்கா."

மலைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலையும் நாத்தனார் எண்ணெய்ப் புட்டியோடு வந்தாள். உட்காரும்போது, "அம்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். உடை சற்று விலகியது. அவளுடைய வலது முட்டியின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

அண்ணிக்கு அந்த நிறம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் அதே இடத்தில் இருந்தது.

"இது என்ன?"

"அந்தத் தகடுதான். இத்தனை வருஷம் எப்படித்தான் இடிச்சீங்களோ. உங்க முட்டி தேயாம என்ன பண்ணும், பாவம்."

அண்ணி காலை இழுத்துக்கொண்டாள். "என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"வலி விட்டுடுச்சா?" அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை அண்ணியால் பார்க்க முடியவில்லை.

"வரவே இல்ல. நாளைக்கு மாஸ்டரும் அவர் சம்சாரமும் நானும் அஞ்சு மலைக்கும் போறோம். நீ வந்தா முடிக்க முடியாதுன்னு அப்படிச் சொன்னேன்."

நாத்தனார் புட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காராமல் கழற்றி மறுபடி மூடினாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அண்ணன் பேப்பரோடு பால்கனிக்கு நழுவியிருந்தார்.

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"சொல்லியிருந்தா வருத்தப்பட்டிருப்பே."

"பட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் பேசியிருப்பேன். நாலு முட்டியும் நல்லா இருந்திருக்கும்."

அண்ணி புட்டிக்குக் கை நீட்டினாள். "குடு, நான் தேய்ச்சு விடறேன்."

"வேணாம்."

"நாளைக்கு நான் போகல."

"போகாம? அப்ப நான் எதுக்கு இடிச்சுக்கிட்டேன்?" நாத்தனார் சுவரைப் பிடித்து எழுந்தாள். "போங்க. போயிட்டு வந்து உங்க மெஷின்ல நீங்களே உக்காருங்க."

எண்ணெய்ப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

விடிவதற்கு முன் அண்ணி பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பை முழுக்கத் தண்ணீர். பட்டை தோளை அழுத்தியது. தெருவில் மாஸ்டரின் வண்டி நின்றது. கீழ்த்தளத்தில் நாத்தனார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, அடியில் வெளிச்சம். அந்தக் கதவைத் தாண்டும்போது, இத்தனை நாள் பழக்கத்தில், அண்ணியின் வலது கால் தானாகவே தாங்கித் தாங்கி நடந்தது.

"நேரா நடங்க அண்ணி" என்றது உள்ளேயிருந்து குரல். கோபம் ஆறியிருக்கவில்லை.

அண்ணி நின்றாள். கதவு திறக்கவில்லை. இரண்டு காலையும் சமமாக ஊன்றி, நேராக நடந்து வெளியே போனாள்.