அவ அக்கவுண்டுல நான் அனுப்புன கடுதாசி

பொறாமை தானுங்க. வேற பேரு வெச்சு மழுப்பறதுக்கு ஒண்ணுமில்ல. என்ற சம்சாரத்து மேலயே எனக்குப் பொறாமை. பக்கத்து ஊட்டுக்காரன் காரு வாங்கறப்ப வருமே, ரெண்டு நாள்ல தணிஞ்சு போறது, அந்த மாதிரி இல்ல. காலைல பல்லு வெளக்கறப்பவே கூட வந்து நிக்கும்.

கோயமுத்தூர் கணபதியில எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. மேசை மேல வெச்சு மாவாட்டற கிரைண்டர் செஞ்சுட்டிருந்தோம். கீழ பட்டறை, மேல ஊடு. எனக்குக் கல்லு தெரியும், மோட்டார் தெரியும், பெல்ட்டு இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு சத்தத்தை வெச்சே சொல்லிப்போடுவேன். கடுதாசி எழுதறது மட்டும் வராது. அது அவளுக்கு வரும். சென்னிமலைக்காரி, பி.காம். படிச்சவ, டைப்ரைட்டிங்குல ஹையர் முடிச்சவ. கல்யாணமாகி வந்ததுலிருந்து பட்டறைக் கடுதாசியெல்லாம் அவ கைதான். அதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. கரண்ட் ஆபீசுக்கும் பேங்குக்கும் எழுதறதுல என்ன பெருமை இருக்குது?

தொண்ணூறுகளோட கடைசியில இந்த இன்டர்நெட்டு வந்துச்சு. அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க அரிசி ஊறப்போட்டு மிக்ஸியில ஆட்டிக் கஷ்டப்படறாங்க, அங்கத்த கரண்டுக்குத் தகுந்த மோட்டார் போட்டுக் குடுத்தா விக்கும்னு ஒருத்தர் சொன்னார். கம்ப்யூட்டர் வாங்குனோம். கனெக்சனுக்கு எழுதிப் போடறப்ப ஃபாரத்தை அவ என்கிட்டத்தான் நீட்டுனா. "எனக்கு வேலை கெடக்குது, நீயே உன்ற பேருல போட்டுக்க அம்மணி"ன்னு சொல்லிட்டுப் படி எறங்கிட்டேன். நானேதான் தூக்கிக் குடுத்திருக்கறேன், யாரை நோகறது?

அவ வேலை செஞ்ச விதத்தைக் கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். ஒரு நாளைக்கு ஒரு கடுதாசி, மிஞ்சிப் போனா ரெண்டு. அமெரிக்காவுல மளிகைக்கடை வெச்சிருக்கற நம்மாளுங்க பேராத் தேடிப் புடிச்சு, "நாங்க கோயமுத்தூர்ல கிரைண்டர் செய்யறோம், விவரம் அனுப்பட்டுங்களா? வேண்டாம்னா ஒரு வரி போடுங்க, அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டோம்"னு மட்டும் எழுதுவா. சரின்னு பதில் வந்தாத்தான் அடுத்த கடுதாசி. வேண்டாம்னு சொன்னவங்க பேரை நோட்டுல செவப்பு மையால அடிச்சு வெப்பா. "இப்படி ஒவ்வொருத்தன்கிட்டயும் அனுமதி கேட்டுட்டிருந்தா நம்ம பேரன் காலத்துலதான் யாவாரம் ஆகும்"னு நக்கல் பண்ணுவேன். "ஆகட்டுங்க"ம்பா. கோவமே வராது அவளுக்கு. அதுவே எனக்குக் கோவம்.

ஆனா பாருங்க, பதில் வந்துச்சு. எல்லாம் "டியர் மேடம்". அதுல ஒரு கடைக்காரர் ரெண்டு மாசமா விடாமக் கேள்வி கேட்டார். கல்லு குளிர்ல விரிசல் உடுமா, மோட்டார் சூடாச்சுன்னா எத்தனை நேரம் ஆற விடோணும், இப்படி. அவ படி எறங்கி வந்து, "ஏனுங்க, இதுக்கு என்னங்க சொல்றது?"ன்னு கேப்பா. நான் கையில கிரீஸோட நின்னு சொல்லுவேன். அவ மேல போய் இங்கிலீசுல எழுதுவா. அடுத்த நாள், "ரொம்ப நல்ல விளக்கம் மேடம், நன்றி"ன்னு வரும். விளக்கம் யாருது? என்னுது. நன்றி யாருக்கு? வவுறு எரியுமா எரியாதா, சொல்லுங்க.

அந்தக் கடைக்காரர் மொதத் தவணையா அறுபது கிரைண்டர் எடுக்கறேன்னார். ஒரே ஒரு நிபந்தனை, அவர் ஊருல வேற எந்தக் கடைக்கும் குடுக்கக் கூடாது. இவ என்கிட்ட வந்து கேட்டுட்டு, சரின்னு வாக்குக் குடுத்தா. அவ கேட்டப்ப நான் ஸ்பானரைத் தேடிட்டிருந்தேன், 'ம்'னு சொன்னது நெனப்பிருக்குது. ஆர்டர் உறுதியாகப் போற சேதி ரோடு பூராப் பரவி, பக்கத்துப் பட்டறைக்காரர் என்கிட்டயே வந்து, "ஏனுங்க, உங்க ஊட்ல அமெரிக்காவையே புடிச்சுப்போட்டாங்களாமா?"ன்னு கேட்டார். சிரிச்சு வெச்சேன்.

அந்தச் சமயத்துல அவ அண்ணன் மக பெரியவளானதுக்குச் சீரு வந்துச்சு. நாலு நாள் சென்னிமலை போயிட்டா. சிங்காநல்லூர்ல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்த என்ற சிநேகிதன்கிட்ட ஒரு ஃபிளாப்பி இருந்துச்சு. அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க, கடைங்க, சங்கங்கன்னு ஆயிரத்துக்கு மேல ஈமெயில் அட்ரஸு. எங்கிருந்து வந்துச்சுன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல. ஞாயித்துக்கெழம பட்டறை லீவு. மேல போய் அவ சேர்ல உக்காந்தேன். பாஸ்வேர்டை நோட்டோட மொதப் பக்கத்துலயே எழுதி வெச்சிருந்தா, மறைக்கத் தெரியாத பொம்பளை.

எனக்குத் தெரிஞ்ச ஒரே லிஸ்டு கல்யாண லிஸ்டுங்க. எங்க பக்கம் பத்திரிகை வெக்கறதுன்னா ஒருத்தரையும் உடக் கூடாது. உட்டுப்போச்சுன்னா ஏழு தலைமுறைக்கும் பேசுவாங்க. யாரு யாரு பேரெல்லாம் போட்டிருக்குதுன்னு பத்திரிகையிலயே தெரியோணும், அப்பத்தான் மதிப்பு. அதே மாதிரி நாப்பது நாப்பது பேராச் சேத்து, எல்லார் அட்ரஸும் எல்லாருக்கும் தெரியறாப்பல மேல வரிசையாப் போட்டேன். அவ எழுதி வெச்சிருந்த கடுதாசியக் காப்பியடிச்சு, கீழ அவ பேரை அழிச்சுப்போட்டு வெறும் 'புரொப்பரைட்டர்'னு மட்டும் வெச்சேன். கிரைண்டர் போட்டோவையும் ஸ்கேன் பண்ணுனதைக் கூடவே சேத்தேன். ஒவ்வொண்ணும் போறதுக்கு அத்தனை நேரமாச்சு. அனுப்பி முடிச்சு எந்திரிச்சப்ப, சபையில மொய் எழுதற எடத்துல உக்காந்து எந்திரிச்ச பெருமை எனக்கு. அவ ரெண்டு மாசத்துல எழுதுனதை ஒரே நாள்ல தாண்டிப்போட்டேன்ல?

மறுநாளே பதில் கொட்டுச்சு. படிச்சா ஒரே ஏச்சு. யாரு நீ, என்ற அட்ரஸ் உனக்கு எப்படிக் கெடச்சுது, உன்ற போட்டோ எறங்கறதுக்குள்ள என்ற டெலிபோன் பில்லு ஏறிப்போச்சு, என்ற பேரை எடு. ஒருத்தன் திட்டறது அந்த நாப்பது பேருக்கும் போக, "எனக்கு எதுக்கு அனுப்பறே?"ன்னு அவங்க அவனைத் திட்ட, அவங்களுக்குள்ளயே சண்டை.

வேற ஊர்க்காரனா இருந்தா அதோட நிறுத்தியிருப்பான். நான் எங்கூர்க்காரன் பாருங்க. எங்க பக்கம் ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, மூஞ்சியத் தூக்குனா, அழைச்ச மொறையில குறைன்னு அர்த்தம். மறுபடி வெத்தலைபாக்கோட போய், "தப்பா நெனைக்காதீங்க, அவசியம் வந்துரோணுமுங்க"ன்னு ரெண்டாந்தரம் கூப்பிடோணும், அப்பத்தான் கோவம் தீரும். அதனால, "மொதக் கடுதாசியில குறை இருந்தாப் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கோணும்"னு ரெண்டாவது கடுதாசி எழுதுனேன். திட்டுனவங்களுக்கு மட்டும் அனுப்புனா, பேசாம இருந்தவங்க நம்மள மறந்துட்டான்னு நெனைச்சுக்குவாங்களேன்னு, மறுபடி அத்தனை பேருக்கும் அனுப்பிச்சேன். போட்டோவோட.

அவ ஊருக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு, பையைக் கூட எடுத்து வெக்காம, ஆர்டர் வந்திருச்சான்னு பாக்க உக்காந்தா. மோடம் கத்துச்சு, நின்னுச்சு, பாஸ்வேர்டு செல்லாதுன்னு வந்துச்சு. தான்தான் தப்பா அடிச்சுட்டோம்னு நெனைச்சு மூணு தடவை அடிச்சா. கனெக்சன் குடுத்த ஆபீசுக்குப் போன் பண்ணுனா, நேர்ல வாங்கன்னுட்டாங்க. நான் பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்திருந்தேன். "என்னன்னு தெரியலைங்க, கூட வர்றீங்களா?"ன்னு கேட்டா. மொபெட்டுல பின்னால உக்கார வெச்சுட்டுப் போனேன்.

அந்த ஆபீசர் ஒரு கத்தைத் தாளை மேசை மேல போட்டார். ரெண்டு ஓரமும் ஓட்டை போட்ட பிரின்ட்டர் தாள், மடிப்பு மடிப்பா, ஒரு சாண் ஒசரம். "பூரா உங்க மேல வந்த கம்ப்ளெயிண்டுங்க மேடம்"ன்னார். "கேக்காதவங்களுக்கு இப்படிக் கும்பலா அனுப்பக் கூடாது. அதுலயும் வேண்டாம்னு சொன்னவங்களுக்கே மறுபடி அனுப்பியிருக்கறீங்க. இதை நிறுத்தலைன்னா எங்க ஆபீஸ் வழியா வர்ற எந்த மெயிலையும் வாங்க மாட்டோம்னு அமெரிக்காவுல மெயில் கம்பெனிக்காரங்க எழுதியிருக்கறாங்க. இப்பவே திருப்பூர் எக்ஸ்போர்ட்காரங்க மெயிலெல்லாம் திரும்பி வருது. உங்க ஒருத்தரால ஊருக்கே கஷ்டம்."

அவ மேல கெடந்த தாளை எடுத்துப் படிச்சா. பாதி அவளோட வரிங்க, கீழ 'புரொப்பரைட்டர்'. படிச்சுட்டு என்னைப் பாத்தா. ஒரு பார்வைதான். ஆபீசர் கேட்டார், "நீங்க தான அனுப்புனீங்க?"

சொல்றதுக்கு எனக்கு நேரம் இருந்துச்சுங்க. ஃபேன் சுத்திட்டிருந்துச்சு, பக்கத்து மேசையில ஒருத்தர் சீல் குத்திட்டிருந்தார், நான் வாயைத் தெறக்கல. அவ, "என்ற அக்கவுண்டுங்க, நான்தாங்க பொறுப்பு"ன்னா. அவர் ஒரு ஃபாரத்தை நீட்டுனார். ஆயிரம் பேருக்கு அனுப்புனது நான்தான், இனி இந்தப் பேருல கனெக்சன் கேக்க மாட்டேன்னு இருந்துச்சு. அவ கையெழுத்துப் போட்டா. பொறவு அவரு என்னைப் பாத்து, மனசு எறங்குனாப்பல சொன்னார், "யாவாரம் கெட்டுரக் கூடாதுன்னா, சார் பேருல புதுசா எழுதிக் குடுங்க."

இதைச் சொல்லித்தான் ஆகோணும். அந்த நிமிசம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. அவ கையெழுத்துல மை கூடக் காயல, எனக்குச் சந்தோசம். என்ன பொறப்போ போங்க.

திரும்பி வர்றப்ப அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அந்தக் கடைக்காரர் ஊருக்கும் அனுப்புனீங்களா?" தெரியலைன்னேன். தெரியும். அந்த ஊரு பேரை ஃபிளாப்பியில நாலஞ்சு கடைக்குப் பக்கத்துல நானே பாத்தேன்.

என்ற பேருல கனெக்சன் வந்துச்சு. சேர்ல நான் உக்காந்தேன். கடைக்காரருக்கு, பழைய அட்ரஸ் போயிருச்சு, இனிமே எனக்கே எழுதுங்கன்னு போட்டேன். பதில் வந்துச்சு, மேல "டியர் சார்"னு. அதைப் பாத்துச் சிரிச்சது தப்புங்க, கீழ படிச்சிருக்கோணும். "உங்க கிரைண்டர் கடுதாசி என்ற ஊருல இருக்கற மத்த நாலு கடைக்கும் வந்திருக்குது, எல்லார் அட்ரஸும் மேலயே இருக்குது. எனக்கு மட்டுந்தான்னு மேடம் வாக்குக் குடுத்திருந்தாங்க. இது மேடத்துக்குத் தெரிஞ்சு நடந்துச்சா? தெரியாதுன்னு அவங்களே எழுதுனா நம்பறேன், அறுபதும் எடுக்கறேன். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன்."

அதை ஒரு தாள்ல பிரின்ட் எடுத்து ரெண்டு நாள் வெச்சுட்டே சுத்துனேன். அப்பவும் ஆர்டர் போகுதேங்கற பயத்தை விட, வேற யாரு சொன்னாலும்னு எழுதியிருக்கறானே, அதுதான் குத்துச்சு. வேற யாருன்னா நான்தான? கடைசியில சமையக்கட்டு வாசல்ல போய் நின்னு, அந்தத் தாளை நீட்டி, "நீயே எழுதீரு அம்மணி. உனக்குத் தெரியாதுன்னு எழுது. உண்மைதான அது?"ன்னு கேட்டேன்.

அவ படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. "ஆபீசுல நான்தான் அனுப்புனேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. அங்க ஒண்ணு, இவருகிட்ட ஒண்ணுன்னு பேச எனக்கு வராதுங்க. உங்க பேருல தான இருக்குது, நீங்களே எழுதுங்க"ன்னு தாளை என்ற கையிலயே குடுத்துட்டு, வெங்காயம் உரிக்க உக்காந்துட்டா.

நான் எழுதுனேன். அனுப்புனது நான், அவ ஊருல இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, ஆபீசுல என்னைக் காப்பாத்தத்தான் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா, இவ்வளவுதான். அந்த நாலு வரிய எழுத எனக்கு ஒரு பகல் ஆச்சு. டிக்சனரியெல்லாம் எடுத்து வெச்சுட்டு எழுதுனேன்.

மூணாம் நாள் பதில் வந்துச்சு. எனக்கு நன்றி சொல்லியிருந்தார். ஆர்டர் வேண்டாம்னுட்டார். கீழ இன்னொரு வரி போட்டிருந்தார். மேடம் என்னைக்காவது தனியா, அவங்க பேருல யாவாரம் ஆரம்பிச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, அறுபதென்ன, நூறே எடுத்துக்கறேன்னு.

"என்னங்க எழுதியிருக்கறார்?"ன்னு உள்ள இருந்து கேட்டா.

"ஆர்டர் இல்லையாமா"ன்னு சொல்லிட்டு, அந்தக் கடுதாசியவே அழிச்சேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு அந்தக் கடைசி வரியச் சொல்லல.