கைவிசேடம் தந்த கம்பனி

எனக்குக் கைராசி என்று அளவெட்டியில் ஒரு பெயர் உண்டு. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. நான் முதல் ஆளாகச் சாமான் வாங்கிய கடை நன்றாக ஓடியதாம். நான் பிடித்துக் கட்டிய மாடு பெட்டைக் கன்றாகவே போட்டதாம். எனக்கு மட்டும் அந்தக் கை ஒரு நாளும் உதவியதில்லை. ஆனாலும் சித்திரை வருடப் பிறப்பன்று எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் கைவிசேடம் வாங்க என்னிடம்தான் வருவார்கள். வெற்றிலையில் ஒரு காசை வைத்து நீட்டுவேன். கைவிசேடத்தை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த வருடம் என் தங்கச்சியும் வந்தாள். பக்கத்து வளவில் இருப்பவள். கணவன் இல்லை, வெங்காயத் தோட்டம்தான் சீவியம். தண்ணீர் இறைக்கும் மெசின் பழுதாகிக் கிடந்தது. புதியது வாங்கச் சேர்த்த பணத்தை, கூட்டாளி ஒருத்தியின் பேச்சைக் கேட்டு, போனில் ஓடும் சூதாட்டக் கம்பனி ஒன்றில் போட்டிருந்தாள். அது கொஞ்சம் கூடியும் இருந்ததாம். எல்லாவற்றையும் நாளைக்கே எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

நான் நன்றாக ஏசினேன். கம்பனி என்றாலே எனக்கு ஆகாது. கேளாமலே போனில் பாட்டைப் போட்டுவிட்டு மாதாமாதம் காசு வெட்டியவர்களுடன் ஒரு வருடம் மல்லுக்கட்டியவன் நான். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே நல்ல தமிழில் ‘எங்கள் கைவிசேடம்’ என்று எழுதி, ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. சுபநேரம் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

“கைவிசேடத்தை வேண்டாமெண்டு சொல்லக்கூடாதெல்லோ? உங்கடை கையாலை ஒருக்கா அமத்தி விடுங்கோ அண்ணை.”

என் கையை நானே ஒரு தரம் பார்த்தேன். பிறகு அமத்தினேன்.

திரையில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கியது. வருடப் பிறப்புக் குளிப்புக்குத் தலையில் வைத்த மருத்துநீர் இன்னும் காயவில்லை. முற்றத்து வெயிலில் கண் கூசியது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தின் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கடைசியில் எந்த நிறமும் இல்லாமல் போயின. அந்த ராகம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று எனக்குத் தோன்றியது. சக்கரம் நின்று கைவிசேடக் காசு கணக்கில் சேர்ந்தபோது, தங்கச்சி சின்னப் பிள்ளையைப் போல என் தோளில் சாய்ந்து நின்றாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது ஒளித்து என்ன பயன்.

அடுத்த நாள் பணத்தை எடுக்கப் போனவளுக்கு முடியவில்லை. கைவிசேடத்தை ஏற்றுக்கொண்டால் அதைப் போல முப்பது மடங்கு காசுக்கு விளையாடி முடிக்க வேண்டுமாம். அதுவரை அவளுடைய சொந்தப் பணத்தையும் தொட முடியாதாம். அது எங்கே எழுதியிருந்தது என்று தேடினோம். எறும்பு அளவு எழுத்தில் இருந்தது.

மத்தியானம் முழுக்க இருவரும் மாமரத்தின் கீழ் இருந்து கம்பனிக்கு எழுதினோம். மறுபக்கத்தில் இருந்தது மனிதனோ மெசினோ தெரியாது; மிக மரியாதையாகப் பதில் வந்தது. அரை நித்திரையில் யாருடனோ கதைப்பது போல இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி வந்தது: ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அமத்தியது நீங்கள்தானா?

தங்கச்சி என்னைப் பார்த்தாள். உண்மையை எழுது என்றேன். எங்களுக்குக் காணிப் பிரச்சினை வந்தாலும் வேலிப் பிரச்சினை வந்தாலும், பார்த்தவன் ஒருவன் முன்னுக்கு வந்து சொன்னால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். அந்த நினைப்புத்தான். அமத்தியது என் அண்ணை, அவரே பக்கத்தில் இருக்கிறார், வேண்டுமானால் கேளுங்கள் என்று எழுதினாள்.

கணக்கை வேறொரு ஆள் இயக்கியது விதிக்கு மாறு என்று உடனே பதில் வந்தது. கணக்கு மூடப்பட்டது. அதில் இருந்த பணம் திரும்பாது. மனம் வருந்துகிறார்களாம். ஆடு நனையுது என்று ஓநாய் அழுத கதை. நான் போனை எறியக் கை ஓங்கினேன். அது அவளுடைய போன் என்பது நினைவுக்கு வந்து மெல்லக் கீழே வைத்தேன்.

“உண்மையைத்தானே அண்ணை சொன்னனாங்கள்,” என்றாள் தங்கச்சி.

இரண்டு நாள் கழித்து வெங்காயத் தாள் வாடத் தொடங்கியது. நான் போய், தெரிந்த ஒருவரின் மெசினை இரவலாக வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். கிணற்றடியில் இறக்கி வைத்து, குழாயைப் பூட்டி, எண்ணெய் ஊற்றினேன். காலை வெயில் வாய்க்காலில் இளஞ்சூடாக விழுந்தது. எல்லாம் சரி, இனி மெசினை முடுக்கும் கயிற்றை இழுத்தால் தண்ணீர் வரும் என்று குனிந்தேன்.

தங்கச்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

“விடுங்கோ அண்ணை,” என்றாள். “நான் இழுக்கிறன்.”