லோகேஸ்வரி கேட்ட முதல் கேள்வி

அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் குழாய் உடைந்து தண்ணீர் வீணாவதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். "நம்ம சேனல்ல டிரெய்னிங் எடுத்த மலேசியா பொண்ணு டெங்குல தவறிடுச்சாம். ஆழ்ந்த இரங்கல்." கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர்கூடப் பெயரை எழுதவில்லை. எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவர் பெயர் லோகேஸ்வரி. மலேசியாவில் ஈப்போ பக்கத்துக்காரர். இதழியல் படிப்பின் கடைசி ஆண்டில் வெளிநாட்டில் மூன்று மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் பெரிய நகரங்களுக்குப் போனார்கள். இவர் எங்கள் உள்ளூர் கேபிள் சேனலுக்கு வந்தார். மாடியில் இரண்டு அறை, ஒரு பச்சைத் திரை, ஒரு கேமரா. கேமராமேன் நான். முதல் நாள் காலை எல்லோரிடமும், மலேசியா வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்றார். அலுவலகமே சிரித்தது. மறுவாரம் நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வந்த புதிதில் பழைய செய்திகளை ஓட்டிப் பார்ப்பார். ஒரு நாள் களமருதூரில் நான் எடுத்த நடவுக் காட்சி ஓடியது. சேற்றில் நின்ற ஒரு பெண், உட்கார நிழல்கூட இல்லை என்று பேசுகிறார். கீழே 'விவசாயக் கூலிப் பெண்' என்று எழுத்து.

"இவங்க யாரு?"

"எங்கம்மா."

"பேரு ஏன் போடல?"

அந்த எழுத்தை அடித்தவன் நான்தான். அதிகாரிக்கு, கட்சிக்காரருக்கு, கடை திறப்பவருக்குப் பெயர் உண்டு. கூலி வேலை செய்கிறவர்களுக்குக் கிடையாது. அதுதான் எங்கள் வழக்கம். பெற்றவள் விஷயத்திலும் அதை மீறத் தோன்றவில்லை. லோகேஸ்வரி என்னைத் திட்டவில்லை. "எங்க தாத்தாவோட அப்பா இந்தப் பக்கத்துலேருந்துதான் கப்பல் ஏறுனாராம். அங்க ரப்பர் தோட்டத்துப் பதிவுல அவருக்கு நம்பர்தான் இருக்கு. பேரு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வெள்ளிமலைக்கு அப்பால், ஜீப் போகாத ஒரு குக்கிராமத்துக்குப் போனோம். அங்கே பிரசவ வலி எடுத்தால் கட்டிலில் வைத்துத்தான் தூக்கி வர வேண்டும். சாமைக் கொல்லையில் நின்ற பெண்ணிடம் மைக்கை நீட்டும் முன்பே லோகேஸ்வரி பெயரைக் கேட்டார்.

"எம் பேரு இன்னாத்துக்கு? ரோட்டப் படம் புடிச்சிக்கினு போங்க."

"ரோடுதான் இல்லையேக்கா. பேராவது சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். "பூங்காவனம்."

"இனிஷியல்?"

"அது வேறயா? ஓட்டுப் போடவா கூப்புடற? எங்கப்பா பேரு சடையன், எழுதிக்கோ."

அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் பெயரை எடுக்கச் சொன்னார். "'மலைவாழ் பெண்'னு போட்டாப் போதும்மா. அதான் வழக்கம்."

"சரிங்க சார். அப்ப இதே செய்தியில பேசுற அதிகாரிக்கு 'சமவெளிவாழ் ஆண்'னு போட்டுடலாமா?"

பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த ஆசிரியர்தான். தெரிந்தும் லோகேஸ்வரி கணினி முன்னாலிருந்து எழவில்லை. ஒளிபரப்புக்குச் சில நிமிடங்களே இருந்தபோது, "இன்னாவோ பண்ணு" என்று ஆசிரியர் வெளியே போனார். 'ச. பூங்காவனம்' என்று திரையில் வந்தது. மறுநாள் பூங்காவனம் எனக்குப் போன் செய்தார். "டீக்கடையில எல்லாரும் பாத்தாங்க. ரோடு வரல, பேரு வந்துச்சி."

ரோடு இன்னும் வரவில்லை.

லோகேஸ்வரி இறந்ததைச் சொல்ல முதலில் பூங்காவனத்தைத்தான் அழைத்தேன். "அந்த மலேசியா பொண்ணு..." என்றுதான் ஆரம்பித்தேன். ஆமாம், நானேதான்.

"லோகேஸ்வரியா?" என்றார் பூங்காவனம். செய்தியைச் சொன்னேன். பிறகு கேட்டார்: "அதும் அப்பா பேரு இன்னாப்பா?"

எனக்குத் தெரியவில்லை. ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் இனிஷியல் கேட்டவரிடம், மூன்று மாதம் கூடவே திரிந்த நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஈப்போவில் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாவே எடுத்தார். தன் பெயரைச் சொன்னார். முனியாண்டி. அன்று மாலைச் செய்தியில் லோகேஸ்வரி படத்தின் கீழே நானே அடித்தேன்: 'மு. லோகேஸ்வரி, செய்தியாளர்'. ஆசிரியர் பின்னால் வந்து நின்று பார்த்தார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

லோகேஸ்வரியோடு வேலை பார்த்த நண்பர்களே, குழுவில் இனியாவது அவர் பெயரை எழுதுங்கள்.

எனக்கு அவர் விட்டுப்போனது அந்த முதல் கேள்விதான். போன வாரம் களமருதூரில் மறுபடி நடவு. அம்மா வேலை செய்யும் கழனிக்கே போனேன். கேமராவைத் திறக்கும் முன், "உங்க பேரு என்னங்க?" என்றேன். வரிசையாக நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"பெத்தவ பேரையே கேக்கறான் பாரு! இன்னாடா ஆச்சி உனக்கு?" என்றாள் அம்மா. ஆனால் நான் நீட்டிய மைக்கை விலக்காததைப் பார்த்ததும், கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"கோ. அஞ்சலை" என்றாள்.