எதிர்ப்பக்கத்து பஸ்

திருப்பதியிலிருந்து நாங்கள் சில தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் மூன்று காரில் ஏர்பேடு பக்கத்துக் கிராமத்துக்குப் போவோம், பெண்களுக்குப் புகையில்லா அடுப்பு பற்றிச் சொல்ல. நாலைந்து பேர்தான் வருவார்கள். மற்றவர்கள் எங்கேதான் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே திரும்புவேன்.

புகை வேண்டாமென்று சொல்ல நாமே புகை விட்டுக்கொண்டு போகிறோமே என்று தோன்றியதால், ஒரு வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். இறங்கினால், எதிர்ப்பக்கம் திருப்பதி பஸ்ஸுக்குப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"லாட்ஜுல துணி துவைக்க. ஞாயித்துக்கிழமையும் போய்க்கினுதான் இருக்கோம். நீங்க கார்ல எதிர்ல வர்றதப் பாப்போம். கண்ணாடி மூடியிருக்கும்."

இப்போது அவர்கள் வேலை முடிந்ததும் திருப்பதி பஸ் ஸ்டாண்டிலேயே சந்திக்கிறோம். நான் நடந்தே போகிறேன். பெட்ரோல் எரித்துத் தேடிப்போன கிராமம், தினமும் என் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.