இருபத்துநான்கு கால் வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனருக்கு வீடு பார்க்க நகரின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் பக்கம் போயிருந்தோம். மூன்றாவது வீட்டில் குசினி, பேஸ்மென்ட் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தன. வெளியே வந்து கைபேசியில் திசை பார்த்தார். முகம் மாறியது.

"அத்தான், உது தெற்கு வாசல். வேண்டாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் கோபத்தில் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். ஏன் சிரித்தேன் என்று உங்களுக்காவது சொல்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை. விழாக்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடும் ஒரு கம்பனியில் நானும் தவம் அண்ணையும் தற்காலிக வேலையாட்கள். மனைவி யாழ்ப்பாணத்தில். அவளை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட நிரந்தர வேலைக் கடிதம் தேவை. ஏரிக்கரை விழாவில் ஒரு மங்கோலியக் கூடாரத்தைக் காலை பத்து மணிக்குமுன் நிறுத்திவிட்டால் அந்தக் கடிதத்தைத் தருவதாகப் போர்மன் சொல்லியிருந்தார்.

மூட்டையை அவிழ்த்ததும் ஆட்டுக் கம்பளியின் வாடை அடித்தது. சட்டையை இரண்டு தரம் தோய்த்தும் போகவில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஆனால் என்ன வீடு அது! ஆணியே கிடையாது. இழுத்தால் விரிகிற மரப்பின்னல்தான் சுவர். உச்சியில் ஒரு மரவளையம்; அதிலிருந்து சுவருக்கு எண்பத்தொரு கம்புகள். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

வாசலை எங்கே வைப்பது? மூட்டையோடு வந்த தாளில் படம் இருந்தது, திசை இல்லை.

"கிழக்கால வையடா," என்றார் தவம் அண்ணை. "உனக்கு மனிசி வரவேணுமோ, இல்லையோ?"

"வரவேணும்."

"பிறகென்ன யோசினை?"

கயிறு பிடித்து, அச்சொட்டாகக் கிழக்கே வைத்தேன்.

ஒன்பது முப்பத்தைந்துக்குக் கூடாரத்தின் சொந்தக்காரரான மங்கோலியப் பெரியவர் வந்தார். சுற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவருடன் வந்த பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள்: வடகாற்றுக்கு முதுகு காட்டி, வாசல் தெற்கே இருக்கவேண்டுமாம். போர்மன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, கழட்டிப் பூட்ட மூண்டு மணித்தியாலம் வேணும்!"

"என்னைப் பாக்காதை. உன்ர மனிசி, உன்ர வாசல்."

பெரியவரோ சிரித்தார். எங்களை, போர்மனை, வரிசையில் நின்ற சனத்தில் சிலரை, எல்லோரையும் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். பன்னிரண்டு பேர். குனிந்து மரப்பின்னலின் அடியைப் பிடிக்கச் சொன்னார். அவருடைய மொழியில் ஏதோ எண்ணினார். மூன்றாவது சத்தத்துக்குத் தூக்கினோம்.

வீடு எழும்பியது! கம்பளி, கம்பு, வளையம் எல்லாமாக. எல்லோரும் ஒரே பக்கமாக, வட்டத்தில் அடி அடியாக நகர்ந்தோம்.

"டேய், அது என்ர காலடா!" என்று தவம் அண்ணை கத்தினார். போர்மன் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். வெளியே ஒரே கைதட்டல். அவர்களுக்கு இருபத்துநான்கு காலோடு ஒரு வீடு திரும்புவது தெரிந்திருக்கும். எங்களுக்கோ, வாசலில் தெரிந்த சோளப்பொரிக் கடை மெல்ல விலகி, முழு ஏரியும் உள்ளே வந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு இறக்கி வைத்தோம்.

திங்கட்கிழமை கடிதம் கையில். மத்தியானச் சாப்பாட்டையும் விட்டு ஓடிப்போய், விண்ணப்பத்தோடு சேர்த்துத் தபாலில் போட்டேன். அடுத்த வசந்தத்தில் மனைவி வந்து இறங்கினாள்.

கம்பனி இப்போது இல்லை. அந்தப் புல்வெளியில் மாடிக் கட்டடங்கள். தவம் அண்ணையும் போய்விட்டார். பஸ் டிக்கெட்டைக்கூட நாட்குறிப்பில் ஒட்டிவைக்கும் நான், அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒரு படி எடுத்து வைக்கவில்லை. அன்று எனக்கு அவ்வளவு அவசரம்.